முப்பத்தோராவது அட்டை

மராட்டி பேசும் ஆகுர்டி தொழிற்பேட்டையில், பவுன் என்பவள் வேலை பார்த்த கம்பெனியில், வேலை கேட்டு வரும் பெண்களுக்கு வாசலிலேயே ஒரு பதில் தயாராக இருந்தது. லாக்கர் இல்லை.

மோட்டார் சைக்கிளுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் வேண்டிய வயர்களை அளவாக வெட்டி, முனை பொருத்தி, கறுப்பு டேப் சுற்றிக் கட்டுக் கட்டாக அனுப்பும் கம்பெனி அது. வெட்டும் மெஷின்களில் ஆண்கள். டேப் சுற்றும் லைனில் பெண்கள். பெண்கள் உடை மாற்றும் அறையில் வரிசைக்குப் பத்தாக மூன்று வரிசை இரும்பு லாக்கர்கள் இருந்தன. முப்பது லாக்கர், முப்பது பெண்கள். ஒருத்தி நின்றால்தான் அடுத்தவளுக்கு இடம். இதைச் சொல்லித் திருப்பி அனுப்பும் பொறுப்பு டைம் ஆபீசில் உட்கார்ந்திருந்த பவுனுடையது.

அவள் தாபோடியில் பிறந்தவள். அப்பா போளூரிலிருந்து வந்து கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சுமை தூக்கி, அங்கேயே நிரந்தரமானவர். பவுன் முனிசிபல் பள்ளியில் மராட்டியில் படித்துப் பன்னிரண்டாவது முடித்தாள். வீட்டில் அவ்வளவு படித்தவள் அவள் ஒருத்திதான். 1990 ஜூன் நான்காம் தேதி, திங்கட்கிழமை, கம்பெனியில் சேர்ந்தாள். காலை ஆறே காலுக்கு லோக்கல் ரயில் பிடித்து, ஏழு மணிக்கு முன்னால் டைம் ஆபீஸ் கதவைத் திறப்பாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி, யாருக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம், யாருடைய பி.எஃப். படிவத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் அவளிடம் இருந்தது. வருகை எழுதும் மஸ்டர் புத்தகத்தில் அவள் கை பட்ட எட்டு வருஷத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. பர்சனல் ஆபீசர் லிமயே முதல் வாரத்தில், தப்பெழுத்தை மறைக்க ஒரு ஒயிட்னர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். அது திறக்கப்படாமலே காய்ந்துபோனது.

"எத்தனை?" என்று லிமயே மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்பார்.

"முப்பது, சாஹேப்."

"சபாஷ். ஒண்ணு கூடக் கூடாது."

எது கூடக் கூடாது, ஏன் கூடாது என்று அவள் கேட்டதில்லை. லாக்கர் முப்பதுதானே.

1995-ல் ஒரு வியாழக்கிழமை, தொழிற்பேட்டைக்கு வார விடுமுறை நாள், கிர்க்கியில் அக்கா ஆனந்தவல்லி வீட்டுக்குப் போயிருந்தாள். ஆனந்தவல்லி ஆறு வயது மூத்தவள். ஏழாவது வரை படித்தவள். வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு அரைச் சம்பளத்தில் படுத்திருந்த சமயம்.

"இன்னாடி, உங்க கம்பெனியில பொம்பளைங்கள எடுக்கறாங்களாமே? ட்ரெயின்ல ஒருத்தி சொன்னா."

"எடுக்கலக்கா. லாக்கர் இல்ல."

"லாக்கர் எதுக்குடி எனக்கு? நகை வெக்கவா? ஒரு பை, ஒரு டப்பா. ஆணி இருந்தா மாட்டிக்கப்போறேன்."

"அப்டியெல்லாம் முடியாதுக்கா. ரூல்னா ரூல்தான்."

ஆனந்தவல்லி மறுபடி கேட்கவில்லை. கிர்க்கி பஜார் பக்கம் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி போடப் போனாள். ஆனால் அந்த வார்த்தையை விடவும் இல்லை. பவுனுக்குக் கல்யாணம் பேசியபோது, "மாப்பிள்ளைக்கு லாக்கர் இருக்குதா, கேட்டுக்கடி" என்றாள். சாப்பாட்டுக்கு உட்கார இடமில்லாத கல்யாண வீட்டில், "இரு, யாராவது எழுந்தா லாக்கர் காலியாவும்" என்றாள். பவுனும் சேர்ந்து சிரிப்பாள்.

கம்பெனி கொடுப்பதில் கஞ்சத்தனம் செய்ததில்லை. தீபாவளிக்கு எல்லாருக்கும் ஸ்வீட் பெட்டியும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் வரும். கணபதி பண்டிகைக்குச் சாப்பாடு. மழைக்காலத்தில் இரண்டு பஸ் பிடித்து லோணாவளாவுக்குப் பிக்னிக். பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் ஆளுக்கு ஒரு டஜன் நோட்டு. இதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை; முதலாளி மனசு வைத்துக் கொடுத்தார். அந்த டப்பாக்கள் பவுன் வீட்டு அலமாரியில் ஒன்றன் மேல் ஒன்றாக எட்டு நின்றன.

ஒன்றை மட்டும் அவள் கவனித்தும் கவனிக்காமலும் இருந்தாள். வருகை குத்தும் அட்டை ஆபீஸ் ஸ்டாஃபுக்கு வெள்ளை. அவர்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு, மேல் மாடியில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு உண்டு. லைன் பெண்களுக்கு ரோஸ் அட்டை. அவர்களுக்கு இரண்டும் இல்லை. டைம் ஆபீசில் உட்கார்ந்திருந்தாலும் பவுனுக்குக் கொடுத்தது ரோஸ் அட்டைதான். ஆர்டர் நெருக்கும் நாட்களில் அவளும் லைனில் உட்கார்ந்து டேப் சுற்றுவாள். அதற்கு ஓவர்டைமும் வாங்குவாள். ஸ்டாஃப் பெண்களை எல்லாரும் 'மேடம்' என்றார்கள். அவளைப் 'பவுன்பாயி' என்றார்கள், லைன் பெண்களைச் சொல்வதுபோல.

சுவரில் இருந்த பெண்கள் அட்டைப் பலகையில் முப்பது பிளவுகள்தான் இருந்தன. அதனால் அவள் அட்டை அவளுடைய மேஜை டிராயரில் கிடந்தது. தினமும் முதலில் அதைக் கடிகாரத்தில் குத்திவிட்டு டிராயரில் போட்டு மூடிவிட்டு, பலகையில் இருக்கும் முப்பதை எண்ண ஆரம்பிப்பாள்.

1996-ல் ரவிசந்திரனோடு கல்யாணம். போஸரியில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் அவனுக்கு வேலை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். 1998 ஜூலை எட்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. பார்கவி என்று பெயர் வைத்தார்கள். ஈ.எஸ்.ஐ.யில் பன்னிரண்டு வாரம் பிரசவ விடுப்பு. பவுன் நாள் எண்ணி, பிரசவத்துக்கு முந்தின நாள் வரை வேலைக்குப் போய், எண்பத்து நான்கு நாளையும் குழந்தைக்கென்று மிச்சம் பிடித்தாள். செப்டம்பர் 29-ஆம் தேதி விடுப்பு முடிந்தது.

மாமியார் ஊரில். அம்மா இல்லை. அக்கா காலை ஐந்து மணிக்கு மெஸ்ஸுக்குப் போனால் மாலைதான் திரும்புவாள். சப்பாத்திக் கல்லுக்குப் பக்கத்தில் கைக்குழந்தையை வைக்க முடியாது. பக்கத்து வீட்டு பாத்திமா ஒத்துக்கொண்டாள்.

"ரம்ஜான் வரிக்கும் பாத்துக்கறேன், பவுன். அதுக்கப்புறம் சோலாப்பூர் போறேன், பொண்ணுக்குப் பிரசவம். திரும்பி எப்ப வருவேன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

ரம்ஜான் ஜனவரி இருபது. அதற்குப் பிறகு யாரும் இல்லை. லைனில் குழந்தை பெற்றவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வேலையை விட்டிருந்தார்கள். அவர்களுடைய கடைசிக் கணக்கைப் பவுன்தான் எழுதியிருந்தாள். 'சொந்தக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு டிக்.

செப்டம்பர் முப்பது, புதன்கிழமை. அவள் திரும்பிய முதல் நாளே கண்டே நவமி, மராட்டியர்களின் ஆயுத பூஜை. மறுநாள் தசரா விடுமுறை என்பதால் பூஜை அன்றைக்கே. மெஷின்களைத் துடைத்துச் சாமந்தி மாலை போடுவார்கள். தராசு, மோட்டார், கடிகாரம், சுவரில் தொங்கும் சட்டங்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. டைம் ஆபீஸ் பவுனுடைய பங்கு. அங்கே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே மாதிரிக் கண்ணாடி போட்டு, தொழிற்சாலைச் சட்டச் சுருக்கம் மராட்டியிலும் ஆங்கிலத்திலும் தொங்கியது. எட்டு தசராவுக்கு அவள் அதற்கும் பொட்டு வைத்திருந்தாள். போன வருஷத்துப் பொட்டின் மேலேயே இந்த வருஷத்துப் பொட்டு. கண்ணாடியின் நடுவில் அது எட்டணாக் காசு அளவுக்குத் தடித்துக் காய்ந்திருந்தது.

அன்று என்னவோ சுத்தமாகத் துடைக்கத் தோன்றியது. ஈரத்துணியை வைத்து அழுத்தி, நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடியில் இருந்த வரிகளைத் துணியை நகர்த்தியபடியே படித்தாள்.

முப்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும், அவர்களுடைய ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று தகுந்த அறை ஒன்று ஒதுக்கப்பட வேண்டும். வெளிச்சமும் காற்றும் இருக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண் இருக்க வேண்டும்.

முதலில் அவளுக்குத் தோன்றியது பாராட்டுதான். முப்பதுக்கு மேல் என்று விதி. சரியாக முப்பதில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. லாக்கருக்காக முப்பது பேர் இல்லை. முப்பது பேருக்காக முப்பது லாக்கர் வாங்கியிருக்கிறார்கள். எட்டு வருஷமாக அந்தக் கணக்கைப் பிசகாமல் காத்தவள் அவள்.

பிறகு மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. கைக்குட்டை எடுக்க டிராயரைத் திறந்தாள். கைக்குட்டைக்கு அடியில் அவளுடைய ரோஸ் அட்டை கிடந்தது.

பலகையில் முப்பது. டிராயரில் ஒன்று.

அவள் டிராயரை மூடிவிட்டு, கண்ணாடிக்குப் பொட்டு வைத்தாள். நடுவில் வைக்காமல் மூலையில் மரச்சட்டத்தின் மேல் வைத்தாள்.

லைனில் மூத்தவளான, மராட்டியில் அக்கா என்ற அர்த்தத்தில் எல்லாரும் 'தாயி' என்று கூப்பிட்ட கமலாபாயி காம்ப்ளேயிடம் மட்டும், தீபாவளி ஸ்வீட் பெட்டி கொடுத்த நாளில், மெதுவாகச் சொன்னாள். கமலாபாயி பெட்டியைப் பிரித்து ஒரு சங்கர்பாளி இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"தூசி தட்டப் போனவ வக்கீலாயிட்டு வந்தியா?"

"விளையாடாதீங்க தாயி. எழுதியிருக்கு."

"எழுதியிருக்கும். நானும் ரெண்டு பிள்ளைய நாத்தனார் வீட்ல விட்டு வளர்த்தவதான். இப்போ மூணு பேருக்குக் கைக்குழந்தை இருக்கு, அதுவும் தெரியும். ஆனா யோசி. முப்பத்தொண்ணுன்னு சொன்னா அவங்க ரூமா கட்டுவாங்க? ஒருத்திய எடுத்துட்டு முப்பதாக்குவாங்க. எவள எடுப்பாங்க? சொன்னவளத்தான்."

பவுன் அடுத்தவளுக்குப் பெட்டியை எடுத்து நீட்டினாள். நவம்பரும் டிசம்பரும் போயின. ரவிசந்திரனுக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் அவன் பகலில் தூக்கக் கலக்கத்தோடு குழந்தையைப் பார்த்தான். மற்ற வாரங்களில் பாத்திமா. மாலை லோக்கல் பத்து நிமிஷம் தாமதமானாலும் பவுன் பிளாட்பாரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பாள்.

ஜனவரியில் தொழிற்சாலை இலாகாவுக்கு வருஷ ரிட்டர்ன் அனுப்ப வேண்டும். டிசம்பர் 31 வரைக்கும் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எத்தனை நாள் வேலை, கேன்டீன் உண்டா, குழந்தைகள் அறை உண்டா என்று கட்டங்கள். எழுதுவது பவுன், கையெழுத்துப் போடுவது லிமயே. எட்டு வருஷமாகப் பெண்கள் என்ற கட்டத்தில் முப்பது என்றும், குழந்தைகள் அறை என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்றும் எழுதி வந்தாள். பொருந்தாது என்றால் என்ன என்று யோசித்ததில்லை. போன வருஷப் பிரதியைப் பார்த்து எழுதியதுதான்.

ஜனவரி பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, ரிட்டர்னை லிமயேயின் மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க, சாஹேப்."

"நீ எழுதினதை நான் படிக்கணுமா?" என்று பேனாவைத் திறந்தவர், அவள் நின்ற விதத்தைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினார். விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது. நின்றது.

"முப்பத்தொண்ணா? யாரை எடுத்தே எனக்குத் தெரியாம?"

"யாரையும் எடுக்கல. நான்."

லிமயே சிரித்தார். மராட்டியில் இதுவரை அவளை நீ என்று பேசி வந்தவர் நீங்கள் என்றார்.

"நீங்க ஸ்டாஃப், மேடம். நீங்க இதுல வர மாட்டீங்க."

எட்டு வருஷத்தில் அவர் அவளை மேடம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பவுன் கையோடு கொண்டுவந்திருந்த கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவளுடைய ரோஸ் அட்டைகள், மாதம் ஒன்றாக வருஷத்துக்குப் பன்னிரண்டு. லைனில் உட்கார்ந்த நாட்களுக்கு ஓவர்டைம் கொடுத்த பட்டியல், அவருடைய கையெழுத்தோடு.

"ஸ்டாஃபுக்கு ஓவர்டைம் கிடையாது, சாஹேப். எனக்குக் கொடுத்திருக்கீங்க. ஸ்டாஃபுக்கு பஸ் உண்டு. நான் லோக்கல்ல வர்றேன். ஸ்டாஃபுக்கு மேல் மாடியில சாப்பாடு. நான் கமலாபாயி பக்கத்துல உக்காந்து டப்பா திறக்கிறேன். மழையில லோணாவளா போனப்போ கூட லைன் பஸ்ஸுலதான் ஏத்தினீங்க."

லிமயே அட்டைகளைச் சீட்டுக்கட்டைப்போல ஒழுங்காக அடுக்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பல கம்பெனிகளில் இருபத்திரண்டு வருஷமாக விதிகளைப் படித்து, எது கட்டாயம், எது கட்டாயமில்லை என்று பிரித்து, கட்டாயமானதில் எவ்வளவு குறைவாகச் செய்யலாம் என்று முதலாளிக்குச் சொல்லும் வேலை அவருடையது. அதை அவர் நன்றாகச் செய்தார்.

"குழந்தையை யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டார்.

"இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பக்கத்து வீட்டம்மா. அப்புறம் யாரும் இல்ல."

"அப்படிச் சொல்லு. அது உன்னோட பிரச்சினை, அதைத் தீர்த்துக்கலாம்." குரல் இறங்கியது. "உன்னை நிஜமாவே ஸ்டாஃப் ஆக்கிடறேன். வெள்ளை அட்டை. ஒன்பது மணிக்கு வந்தாப் போதும். பஸ், மேல் மாடிச் சாப்பாடு. சம்பளம் கூடும், அதுல ஒரு ஆயா வெச்சுக்கோ. டிசம்பர் ஒண்ணாந்தேதி போட்டு லெட்டர் தர்றேன். ரிட்டர்ன்ல முப்பதுன்னு எழுது. யாருக்கும் நஷ்டமில்ல."

"வெள்ளிக்கிழமை சொல்றேன், சாஹேப்."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார் லிமயே. ஆனாலும் ரிட்டர்னைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

ரவிசந்திரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பஸ்ஸா? வீட்டாண்டயே வருமா? எடுத்துக்கோ. இதுக்குப் போயி நாலு நாள் யோசிப்பாங்களா? உனக்குக் கொழந்தையப் பாக்க ஆள் வேணும். ஆள் வெக்கக் காசு வரும். மேட்டர் ஓவர்."

வியாழக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிர்க்கிக்குப் போனாள். ஆனந்தவல்லி அன்று மெஸ்ஸிலிருந்து மதியமே வந்திருந்தாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வாடி. இன்னா, லாக்கர் காலியாச்சா?" என்றாள், வழக்கம்போல.

பவுனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பூஜை அன்று கண்ணாடியைத் துடைத்ததிலிருந்து லிமயே சொன்னது வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஆனந்தவல்லி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு லாக்கர் இல்லன்றது பொய்யா?"

"எனக்குத் தெரியாதுக்கா. நிஜமா லாக்கருக்குத்தான்னு நெனச்சேன்."

"நான் வந்திருந்தா முப்பத்தொண்ணு ஆயிருக்கும். ரூம் கட்டணும். அதுக்குத்தான் வேணாம்னாங்க."

"ஆமா."

"தெரியாமதான் அவ்ளோ கரெக்டா சொன்னே." ஆனந்தவல்லியின் குரலில் கோபம் இல்லை. மாவு பதம் பார்ப்பதுபோலச் சொன்னாள். "சரி வுடு. வெள்ளை அட்டை நல்லதுதான். வாங்கிக்கோ. நம்ம வீட்ல யாரு மேடம் ஆனாங்க? இனிமே கேட்டுல எவளாவது வந்து நின்னா அதே மாதிரி லாக்கர் இல்லன்னு சொல்லு. முன்ன தெரியாம சொன்னே. இப்போ தெரிஞ்சு சொல்லுவே. அவ்ளோதான் வித்தியாசம்."

குழந்தை அழுதது. பவுன் வாங்கிப் பால் கொடுத்தாள். வேறு பேச்சுப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை லிமயே லெட்டரை டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். பவுன் நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இதுல டிசம்பர் ஒண்ணுன்னு போட்டிருக்கு, சாஹேப்."

"அப்பத்தானே ரிட்டர்ன்ல வராது."

"டிசம்பர் மாசம் பூரா நான் ரோஸ் அட்டை குத்தியிருக்கேன். ஆறு நாள் லைன்ல உக்காந்தேன். பிப்ரவரி ஒண்ணுன்னு போடுங்க, நான் வாங்கிக்கறேன். ஆனா போன வருஷத்துக்கு நான் பாயிதான். போன வருஷம் முப்பத்தொண்ணுதான்."

"ஒரு தேதிதானே, பவுன்பாயி! ஒயிட்னர் வாங்கிக் கொடுத்தேனே, இருக்கா?"

"காய்ஞ்சு போச்சு, சாஹேப்."

லிமயே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, ஒரு தகவலாக மட்டும், சொன்னார். "ரிட்டர்னை நானே வேற ஒண்ணு எழுதிக் கையெழுத்துப் போட முடியும்."

"போடலாம், சாஹேப். உங்க கையெழுத்து, நீங்க போடலாம். வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து மஸ்டரைக் கேட்பார். மஸ்டர் என்கிட்ட இருக்கும். கேட்டா நான் எண்ணித்தான் காட்டுவேன்."

மிரட்டலாக அவள் சொல்லவில்லை. மஸ்டர் எங்கே இருக்கும் என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். லிமயேக்கும் அது தெரிந்தது. லெட்டரை இரண்டாக மடித்து டிராயரில் போட்டார். ரிட்டர்னை, "வெச்சுட்டுப் போ" என்றார்.

அவளுக்கு ஈட்டிய விடுப்பு பாக்கி முப்பத்தேழு நாள் இருந்தது. முப்பதுக்கு மேல் அடுத்த வருஷத்துக்குச் சேராது என்பதும் சட்டம்தான். ஏழு நாள் போனது. மிச்சம் முப்பது நாளையும் ஜனவரி 25-லிருந்து மொத்தமாக எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமைகளைச் சேர்த்தால் பிப்ரவரி கடைசி வரைக்கும் வரும். அதற்குப் பிறகு குழந்தையை விட இடம் இருந்தால் வேலை. இல்லையென்றால், அவளே பல பேருக்குப் போட்ட டிக், சொந்தக் காரணம்.

பாத்திமா ஞாயிற்றுக்கிழமை சோலாப்பூருக்கு வண்டி ஏறினாள்.

விடுப்பு நாட்களில் பவுன் கம்பெனிப் பக்கம் போகவில்லை. ரிட்டர்ன் எப்படிப் போனது என்று தெரியாது. ரவிசந்திரன் இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்தத் தேதிய விட்டுக்கொடுத்திருந்தா என்னவாம்" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழம்பு கேட்டான். அவள் குழந்தைக்குத் தவழக் கற்றுக்கொடுத்தாள். போன தீபாவளியோடு ஒன்பதாகியிருந்த அலமாரி எவர்சில்வர் டப்பாக்களையும் எடுத்துத் துலக்கி மறுபடி அடுக்கினாள்.

பிப்ரவரி பதினெட்டு, வியாழக்கிழமை, கமலாபாயி தாபோடிக்கு வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"உன் தொட்டிலால என் லோணாவளா போச்சு!"

"என்ன தாயி?"

"இந்த வருஷம் பிக்னிக் இல்லையாம். போர்டுல போட்டுட்டான். அந்தச் செலவுல, லாக்கர் ரூமுக்குப் பக்கத்துல பழைய அட்டைப்பெட்டி போட்டு வெச்சிருந்த ரூம் இருக்குல்ல, அதைக் காலி பண்ணி வெள்ளையடிக்கிறாங்க. ஜன்னலுக்கு வலை. சின்னதா ஒரு குழாய். நாலு தொட்டில் கம்பி மாட்டியாச்சு. சாப்பிட ஏதாச்சும் இருக்கா? நடந்து வந்தேன்."

நடந்தது இதுதான். லிமயே ரிட்டர்னை முதலாளியிடம் கொண்டுபோயிருக்கிறார். ஒரு பெண்ணைக் குறைத்தால் முப்பதாகும், அவள் வேலையை விடும் நிலையில்தான் இருக்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறார். அது அவருடைய வேலை. முதலாளி அந்த அறைக்கு என்ன செலவு ஆகும் என்று கேட்டிருக்கிறார். லிமயே கணக்குப் போட்டுச் சொன்னார். "இரண்டு பஸ் லோணாவளா போய் வர ஆகிறதுதானே? இதுக்கா பத்து வருஷமா ஆள் எடுக்காம ஆர்டரைத் திருப்பி அனுப்பினோம்?" என்றாராம் முதலாளி. முப்பதில் நிறுத்தச் சொன்னது யார் என்று இருவருக்குமே நினைவில்லை. லிமயேக்கு முன்னால் இருந்த பர்சனல் ஆபீசராக இருக்கலாம். ரிட்டர்ன் முப்பத்தொன்று என்றே போனது. 'பொருந்தாது' என்ற இடத்தில் லிமயே தன் கையாலேயே 'ஏற்பாடு செய்யப்படுகிறது' என்று எழுதியிருந்தார். அதில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியிருந்ததைப் பின்னால் அலுவலகப் பிரதியில் பார்த்துப் பவுன் முகம் சுளித்தாள்.

வெள்ளை அட்டை வரவில்லை. அதைப் பற்றி லிமயே மறுபடி பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. 2006-ல் கடிகாரத்தை எடுத்துவிட்டு விரல் வைக்கும் மெஷின் கொண்டுவரும் வரை அவளிடம் இருந்தது ரோஸ் அட்டைதான்.

அறைக்கு ஓர் ஆயா வேண்டும் என்று பிப்ரவரி கடைசி வாரம் வாசலில் எழுதிப் போட்டார்கள். பிள்ளை வளர்த்தவளாக, எழுதப் படிக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். முதல் மாதம் கம்பெனி செலவில் பயிற்சி. பவுன் கிர்க்கிக்குப் போய்ச் சொன்னாள். சிபாரிசு செய்ய மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"நீ சிபாரிசு பண்ணித்தான் தெரியுமே" என்றாள் ஆனந்தவல்லி.

மூன்று பேர் வந்து நின்றார்கள். மற்ற இருவரையும் போல ஆனந்தவல்லியும் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாள். லிமயே மூவரிடமும் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார். லைன் பெண் ஒருத்தியின் பையன், யாரிடமும் போகாதவன். அவன் ஆனந்தவல்லியின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தான். அவள் பவுனுடைய அக்கா என்பது லிமயேக்குச் சம்பளப் பட்டியல் போடும்போதுதான் தெரிந்தது.

மார்ச் ஒன்று, திங்கட்கிழமை. பவுன் ஏழு மாதம் இருபத்தொரு நாள் ஆன பார்கவியை இடுப்பில் வைத்துக்கொண்டு லோக்கலில் வந்தாள். அட்டையைக் குத்தினாள். அதை டிராயரில் போடப் போனவள் நிறுத்தி, பலகையில் முப்பதாவது பிளவுக்குக் கீழே நூலால் கட்டித் தொங்கவிட்டாள். எண்ணினாள். பிறகு புது அட்டை ஒன்றில் 'ஆனந்தவல்லி' என்று அடித்தல் இல்லாமல் எழுதி, அதற்கும் கீழே கட்டினாள். முப்பத்திரண்டு.

அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லாமல் போனது. ஒரு வருஷத்துக்குள் லைனில் நாற்பத்தாறு பெண்கள் இருந்தார்கள். தொட்டில் ஏழானது. லாக்கர் மட்டும் கூடவில்லை. அது சட்டத்தில் இருக்கிறதா என்று பவுன் கண்ணாடிக்குள் இருந்ததை முழுவதும் படித்துப் பார்த்தாள். துணிமணி வைக்கத் தகுந்த இடம் என்றுதான் இருந்தது. லாக்கர் என்று இல்லை.

ஆனந்தவல்லி அந்த அறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். முதல் நாளே வீட்டிலிருந்து ஓர் ஆணி கொண்டுவந்து, கதவுக்குப் பின்னால் அடித்து, தன் பையை அதில் மாட்டிக்கொண்டாள்.